வீட்டில் முதல் ஆளாகச் சட்டம் படிக்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான், இப்போது வழக்கறிஞர். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார், அம்மா மருந்தடித்தார். சட்டம் படிக்கும், படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, லண்டன் பட்டத்தை இங்கேயே தனியார் கல்லூரியில் படிக்கலாம் என்கிறார்களே, சேரலாமா?

சேரலாம். ஆனால் அந்தப் பட்டத்தோடு நேராகச் சேம்பரிங், அதாவது வழக்கறிஞர் ஒருவரிடம் செய்யும் தொழிற்பயிற்சிக்குப் போக முடியாது, சிஎல்பி என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும், ஐந்து தாள். மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் சட்டம் முடித்தவர்களுக்கு அது தேவையில்லை. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு இந்த விஷயமே மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது, அதற்குள் அவள் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது. சேர்வதற்கு முன்பே அந்தச் செலவையும் காலத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வகுப்பில் எல்லாரும் லாயர் வீட்டுப் பிள்ளைகள் போல ஆங்கிலம் பேசுகிறார்கள். வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நம் இந்திய மாணவர்களோடு மட்டும் இருந்துவிடலாமா?

முதல் செமஸ்டர் முழுக்க நானும் பேசவில்லை அம்மா. அப்புறம் ஒருநாள் டுட்டோரியலில், தோட்டத் தொழிலாளர் வீடுகளில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று சொல்லும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தது. லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குழாயில் தண்ணீர் வராத நாள் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் உடைந்த ஆங்கிலத்திலேயே சொன்னேன், எல்லாரும் கேட்டார்கள்.

நம்மவர்களோடு இருங்கள், சோறும் பழைய நோட்ஸும் அங்கேதான் கிடைக்கும். ஆனால் படிக்கும் குழு கலந்து இருக்கட்டும். என் குழுவில் ஃபெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தில் குடியேறியவர் ஒருவரின் மகள், சீனப் புதுக்கிராமத்துப் பையன் ஒருவன், சரவாக்கின் கூச்சிங்கிலிருந்து வந்த, இபான் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெண் ஒருத்தி. நாலு பேர் வீட்டிலும் அதற்கு முன்னால் பல்கலைக்கழகம் போனவர் கிடையாது. தீர்ப்புகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் படித்து, நடந்தது என்ன, கேள்வி என்ன, நீதிபதி ஏன் அப்படி முடிவு செய்தார் என்று ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வோம். என் ஆங்கிலம் அப்படித்தான் தேறியது. ஃபெல்டாக்காரி என் மலாயைத் திருத்தினாள், நீதிமன்ற மொழி மலாய் என்பதால் இன்றும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சேம்பரிங் சமயத்தில் பகுதி நேர வேலை செய்யலாமா? வீட்டில் சம்பளத்தை எதிர்பார்க்கிறார்கள்.

வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. சேம்பரிங் ஒன்பது மாதம். அலவன்ஸ் இடத்துக்கு இடம் மாறும், கோலாலம்பூரில் அறை வாடகைக்கே பாதி போய்விடும், அதனால் வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் ஈப்போ, தைப்பிங் அலுவலகங்களையும் கேளுங்கள். இதைக் கடைசி ஆண்டிலேயே அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பட்டம் வாங்கியதும் சம்பளம் வரும் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கேள்வி: அடுத்த மாதம் என் லாங் கால், உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளும் நாள். நம்மை அறிமுகப்படுத்திப் பேசும் வழக்கறிஞர் பெற்றோரைப் பற்றியும் சொல்வாராமே. மரம் வெட்டியவர் என்று சொல்லச் சொல்லட்டுமா?

சொல்லச் சொல்லுங்கள் தம்பி. தோட்டத்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். என் லாங் காலில் உயர் நீதிமன்ற அறையில் பின்வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தார், பேசிய ஆங்கிலம் எதுவும் அவருக்குப் புரியவில்லை, தோட்டத்தின் பெயர் காதில் விழுந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.