‘செட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நானூறு பொருள்களா? அத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ‘செட்’ என்னும் ஒரே சொல்லுக்கு நானூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, உண்மையென்றால் ஒரு தமிழர் அவற்றை எப்படிக் கற்றுக்கொள்வது?

உண்மைதான். 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். ஏறத்தாழ 60,000 சொற்களில் அதன் பொருள்களை விளக்கியிருக்கிறார்கள். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டுள்ளன. கூட்டுவினைகளும் மரபுத்தொடர்களும் தனிக் கணக்கு. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி தொடங்கிய பிறகு இந்தப் பெருமை கைமாறியது. 2000இல் ‘மேக்’, 2007இல் ‘புட்’, 2011இல் 645 பொருள்களுடன் ‘ரன்’ என ஒவ்வொன்றாக முன்னே வந்தன. ஆனால் இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அகராதி தொகுப்பவர் ஒரு சொல்லைப் பயன்பாட்டுக்குப் பயன்பாடு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர். பேசுகிறவரோ அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

நான் பல ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். ஆயினும் இந்தச் சொல்லை நான் முதலில் கற்றது நூல்களில் அன்று, என் தந்தை கம்பாசிட்டராக இருந்த ஓர் அச்சகத்தில்தான். அங்கே எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடக்கையில் பிடித்திருக்கும் ‘ஸ்டிக்’ என்னும் சிறு உலோகச் சட்டத்தில் தலைகீழாக அடுக்கி, வரி நிரம்பியதும் இடைவெளிகளுக்குத் துண்டுகள் செருகி, ஓர் எழுத்தும் ஆடாதபடி இறுக்கிய பிறகுதான் ‘மேட்டர் செட் ஆகிவிட்டது’ என்பார்கள். அடுக்கி முடித்தும் வரி தளர்வாக இருந்தால் அது செட் ஆகவில்லை என்றே பொருள். ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்த வேண்டும், இருத்திய பின் அது அசையக் கூடாது என்னும் இந்த இரண்டு கருத்துகளையும் பிடித்துக்கொண்டால், அந்த நானூறில் பெரும்பகுதி தானாகவே வசப்படும் என்பது என் அனுபவம்.

சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்றிருந்த இந்த வினை, உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்பதன் பிறவினை. உட்கார வைத்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். படுத்தலைக் குறிக்கும் ‘லை’ என்பதற்குக் கிடத்துதலைக் குறிக்கும் ‘லே’ எப்படியோ, விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ என்பதற்கு மரத்தை வீழ்த்துதலைக் குறிக்கும் ‘ஃபெல்’ எப்படியோ, அப்படித்தான் ‘சிட்’டுக்கு ‘செட்’. அடங்கு, அடக்கு என்றும் திருந்து, திருத்து என்றும் இணை இணையாக வினைகளைப் பழகிய நமக்கு இது புதிதன்று. ஆங்கிலேயரே இன்று இந்த உறவை மறந்துவிட்டார்கள்; நாம் அதை நினைவில் வைத்துக்கொள்வது நமக்கு லாபம்.

இதற்குத் தமிழில் மிக நெருங்கிய துணை ‘வை’ என்னும் வினை. பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், விலை வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய செடியை வரிசையில் வைக்கிறோம், ஓரிடத்தில் முதன்முதலாகக் கால் வைக்கிறோம். இவை அனைத்திலும் ஆங்கிலம் ‘செட்’ என்றே சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை கோழியைப் பற்றியது. முட்டைகளின் மேல் கோழியை அமர்த்துவதை நாம் அடை வைத்தல் என்கிறோம். ஆங்கில நாட்டுப்புறத்தாரும் அதற்கு ‘செட்’ என்னும் வினையையே ஆள்கிறார்கள். உட்கார வைத்தல் என்னும் மூலப் பொருள் சற்றும் மாறாமல் அங்கே உயிரோடிருக்கிறது. ‘வை’ போதாத இடங்களில் பெரும்பாலும் ‘அமை’ கைகொடுக்கும். பாடலுக்கு இசை அமைப்பதும், ஒரு கதை குறிப்பிட்ட ஊரிலோ காலத்திலோ நடப்பதாக அமைந்திருப்பதும் ஆங்கிலத்தில் ‘செட்’டின் வேலைகளே. நகையில் கல் பதிப்பதும், முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவதும், பாயைக் காற்றுக்கு விரித்துக் கப்பல் புறப்படுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

இந்த ஒற்றுமையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டும் போக முடியாது. ஒன்றின் மீது கண்ணை ‘செட்’ செய்தல் என்றால் ஆங்கிலத்தில் அதைப் பார்த்தல் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நம் வீட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டு ஒருவர் கண் வைத்துவிட்டார் என்றால் அன்று மாலையே சுற்றிப் போடுவோம். அதேபோல் மனத்தை ஒன்றின் மீது ‘செட்’ செய்தல் என்பது அதை அடைந்தே தீருவதென்று ஆசைப்படுவது. ‘அதிகாரி மனம் வைத்தால் காரியம் முடியும்’ என்னும்போது நாம் சொல்வது இரக்கத்தையும் இணக்கத்தையும். ‘தேர்வு வைத்தல்’ என்பதும் பாதிதான் பொருந்தும். ஆசிரியர் தேர்வை நடத்துவதை நாம் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் வினாத்தாள் தொடர்பாக இந்த வினை வந்தால் அது வினாத்தாளைத் தயாரிப்பதையே முதன்மையாகக் குறிக்கும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஒருவர் வேறொன்றைச் செய்யும் வினைகள். தானாக நிகழ்வதற்கும் இதே சொல் வரும், குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. மாலையில் சூரியன் ‘செட்’ ஆகிறது. அதாவது தொடுவானத்தில் போய் அமர்கிறது. நம் பழைய இலக்கியங்கள் அதனைப் படுஞாயிறு என்று அழைத்தன. ஆங்கிலேயரின் சூரியன் உட்காருகிறது, நம்முடையது படுத்துவிடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. நீர்மமாக இருந்தது இறுகுவதும் இப்படித்தான். தயிர் உறைவது, ஜெல்லி கெட்டிப்படுவது, பசை காய்ந்து பிடிப்பது அனைத்துக்கும் ‘செட்’ உண்டு.

கட்டடத் தொழிலில் இந்தச் சொல்லுக்கு அளவெடுத்த பொருளே இருக்கிறது. சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டில் நீர் சேர்த்த பிறகு அது இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடங்களுக்குக் குறையக் கூடாது, இறுகி முடியும் நேரம் 600 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. முதல் வரம்பு இல்லையென்றால் கலவை சட்டியிலேயே கல்லாகிவிடும். இரண்டாவது இல்லையென்றால் அடுத்த வேலையைத் தொடங்க முடியாது. இறுகும் வேகத்தைக் குறைப்பதற்காகவே சிமெண்டு அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, ‘செட்’ ஆவது வேறு, வலுப்பெறுவது வேறு என்பதே. காலையில் போட்ட கான்கிரீட் மாலையில் செட் ஆகிவிட்டது என்று கொத்தனார் சொன்னால் அது அசையாத நிலைக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள். அதன் வலிமையைப் பொறியாளர்கள் 28 நாட்கள் கழித்துத்தான் கணக்கிடுவார்கள். ‘செட்’ என்பதைக் ‘கடினமாதல்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் இந்த வேறுபாடு காணாமற்போகும்.

அசையாமை என்னும் அதே கருத்து ஓட்டப்பந்தயத் திடலிலும் உண்டு. 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில், வீரர்கள் தத்தம் இடத்துக்கு வந்த பிறகு, துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் தொடங்கிவைப்பவர் ‘செட்’ என்று குரல் கொடுப்பார். உடனே அவர்கள் இடுப்பை உயர்த்தி, சிலைபோல நிற்க வேண்டும். அதைவிட நீண்ட ஓட்டங்களில் இந்தக் கட்டளை கிடையாது.

பின்னொட்டாக வேறொரு சிறு சொல் சேரும்போது பிறக்கும் பொருள்களை மட்டும் தனியாகத்தான் படிக்க வேண்டும். ‘செட் அவுட்’, ‘செட் ஆஃப்’ இரண்டும் புறப்படுதல். பின்னது வெடியை வெடிக்கச் செய்வதையும் குறிக்கும். ‘செட் இன்’ என்பதற்கு அகராதிகள் தரும் விளக்கத்தைவிட, மழை பிடித்துக்கொண்டது என்னும் நம் வழக்கு மிகப் பொருத்தமாக இருக்கும்.

‘செட் அசைட்’ என்பதில் நானே இடறி விழுந்திருக்கிறேன். மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் உத்தரவை ‘செட் அசைட்’ செய்ததாக வந்த செய்தியை, ‘உத்தரவை ஒதுக்கி வைத்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கி வைப்பதும் ஆங்கிலத்தில் அதே தொடர்தான் என்பதால் எனக்கு ஐயமே எழவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்களா, தள்ளிவிட்டார்களா?” என்று கேட்டார். நீதிமன்ற மொழியில் அதற்கு ரத்து செய்தல் என்று பொருள். வழக்கில் வென்ற ஒருவர் என் மொழிபெயர்ப்பைப் படித்திருந்தால், தம் வழக்கு இன்னும் முடியவில்லை என்று எண்ணி அன்றிரவு உறங்கியிருக்க மாட்டார்.

இனி, இந்தச் சொல்லைப் பற்றிப் பலர் கவனிக்காத செய்தி ஒன்றுக்கு வருகிறேன். ‘செட்’ என்பது உண்மையில் ஒரு சொல் அன்று, இரண்டு. தொகுதி அல்லது கூட்டம் என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல்லுக்கும் உட்கார வைத்தலுக்கும் பிறப்பில் தொடர்பே இல்லை. அது லத்தீனின் ‘செக்டா’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டம் என்பது அதன் பழம் பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இருவர் ஒரே பெயருடன் ஒரே வீட்டில் நெடுங்காலம் குடியிருந்ததால், ஒருவரின் இயல்பு மற்றவரிடமும் ஒட்டிக்கொண்டது. தேநீர்க் கோப்பைகளின் தொகுதி, டென்னிஸில் ஆட்டங்களின் தொகுதி, பல உறுப்புகள் சேர்ந்த வானொலிப் பெட்டி, கணிதத்தின் கணம் ஆகியவை இந்த இரண்டாம் சொல்லின் பிள்ளைகள். நாம் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணம் என்று படிப்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் தொடை என்கின்றன. தொடுத்தது தொடை, பூவைத் தொடுத்தாற்போல உறுப்புகளைச் சேர்த்துக் காட்டும் அந்தச் சொல்லே எனக்கு அழகாகப் படுகிறது. சினிமாவில் போடும் செட்டோ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. மேடையில் நிறுவி வைத்த காட்சியமைப்பு என்பதால் அது முதல் சொல்லின் பக்கமே போகும்.

இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கர்நாடக உணவகம் ஒன்றுக்குப் போனால் போதும். விலைப்பட்டியலில் ‘செட் தோசை’ என்றிருந்தால், ஒரு தட்டில் இரண்டு மூன்று தோசைகளைச் சேர்த்துத் தருகிறார்கள் என்று பொருள், அது கூட்டம். அதற்குக் கீழேயே ‘செட் தயிர்’ என்றிருந்தால், கிண்ணத்திலேயே உறையவிட்டு அலுங்காமல் கொண்டுவந்து வைக்கும் கெட்டித் தயிர், அது அமர்தல். லத்தீனும் பழைய ஆங்கிலமும் ஒரே மேசையில் பரிமாறப்படுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

தமிழ்ப் பேச்சுக்குள்ளும் இவை இரண்டும் தனித்தனியாகவே வந்து சேர்ந்திருக்கின்றன. பம்புசெட், மைக்செட், பாண்டு செட், நகை செட், கல்லூரியில் ‘எங்கள் செட்’ என்று சொல்லிக்கொள்ளும் நண்பர் குழு ஆகியவற்றில் இருப்பது தொகுதி. ‘நேரத்தை செட் செய்’, ‘அந்த வேலை அவருக்கு செட் ஆகவில்லை’ என்பவற்றில் இருப்பது இடத்தில் பொருந்தி அமர்தல். ‘செட்டப்’ மட்டும் ஆங்கிலத்தில் நிறுவுதல் என்னும் மதிப்பான பொருளோடு சதி என்னும் பொருளையும் சுமந்துகொண்டிருக்க, நம்மிடம் வந்தபோது பெரும்பாலும் கெட்ட பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குடும்பத்தைக் கட்டும் செட்டுமாக நடத்துகிறாள் என்று பெரியவர்கள் ஒரு பெண்ணைப் பாராட்டும்போது வரும் ‘செட்டு’ ஆங்கிலம் அன்று. செட்டி என்பதோடு உறவுடைய அந்தத் தமிழ்ச் சொல்லுக்குச் சிக்கனம் என்று பொருள். என் மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரு மாணவர் அதையும் ஆங்கிலக் கடன் சொற்களின் பட்டியலில் சேர்த்து, ‘பொருத்தமாக’ என்று விளக்கமும் எழுதியிருந்தார். விளக்கம் அந்த வாக்கியத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியும் போனதால், அது ஏன் தவறு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.