தள்ளி வைத்தவன் பக்கத்திலிருந்து

கேள்வி: தன்மேல் அன்பாக இருப்பவர்களையே சிலர் ஏன் தள்ளி வைக்கிறார்கள்? மனம்விட்டுப் பேசிச் சிரித்த மறுநாளே முகம் கொடுக்காமல் விலகுவது ஏன்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தள்ளி வைக்கப்பட்டவர்கள். நான் தள்ளி வைத்தவன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் முதல் பத்து வருடம் என் மனைவியைக் கை எட்டாத தூரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் நிற்பவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை, எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கலாம். அன்று காலைச் சாப்பாடு முடிந்ததுமே கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நின்றுகொள்வோம். பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். எவனோ ஒருவனுடைய அம்மா தூக்குவாளியோடு இறங்கி வருவார், அவன் ஓடுவான், மற்றவர்கள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். என் அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்டு வேலை. முதல் மாதம் வந்தார். அடுத்த மூன்று மாதமும் வரவில்லை. மூன்றாவது தடவை மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை மரத்தடியிலேயே நின்றேன்.

அதற்கடுத்த மாதம் நான் போகவில்லை. படிக்கும் கூடத்தில் புவியியல் புத்தகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் ஓடி வந்து, "டேய், உங்கப்பா வந்திருக்காருடா" என்றான். கையிலிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அப்பா தலையைத் தடவ வந்தார், லேசாக நகர்ந்துகொண்டேன். வார்டன் அவரிடம், "பையன் நல்லாப் பழகிட்டான், இனிமே உங்களுக்குக் கவலை இல்ல" என்றார். அப்பாவுக்கு அதைக் கேட்டு நிம்மதி. எனக்கும்கூட ஏதோ பரிசு வாங்கிய மாதிரி இருந்தது.

ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, மனைவியின் வற்புறுத்தலால் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளரின் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் செய்தது. ஒரு வயதுக் குழந்தையைத் தாயோடு ஓர் அறையில் விளையாட விடுவார்கள். இடையில் தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவார். தாய் போகும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதைத்தான் ஐன்ஸ்வொர்த் உன்னிப்பாகக் கவனித்தார். பல குழந்தைகள் அழுதுகொண்டே தாயிடம் போய், தூக்கி வைத்ததும் அடங்கி, மறுபடி விளையாடப் போயின. ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை தாய் வந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தது.

பார்ப்பவர்கள் 'சமத்துக் குழந்தை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். வெளியே அமைதியாக இருந்த அந்த நேரத்தில் துடிப்பு எகிறிக்கொண்டிருந்தது. அழுகிற குழந்தைக்கு இருந்த தவிப்பு இதற்கும் இருந்தது. காட்டினால் பலனில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பொம்மையைப் பற்றிக் கேட்டபோது எனக்கு என் புவியியல் புத்தகம் ஞாபகம் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

நான் விடுதிக்குப் போனது பதினோரு வயதில், ஒரு வயதில் இல்லை. விடுதிதான் என்னை இப்படி ஆக்கியது என்று ஆலோசகரும் சொல்லவில்லை. விடுதியில் வளர்ந்த எத்தனையோ பேர் கொஞ்சிக் குலாவிக் குடும்பம் நடத்துகிறார்கள். அப்பாவையும் குறை சொல்ல மாட்டேன். லீவு எடுத்தால் அந்த நாள் கூலி போய்விடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் இதே சோதனையைச் செய்தபோது கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகள் தாயைக் கண்டுகொள்ளாத வகையில் வந்தன. பிள்ளை சீக்கிரமே தன் காலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஊர் அது என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நம் ஊரில் "ஆம்பளப் பிள்ள அழலாமா" என்பதும் இந்த வகைதான். அன்பில்லாமல் யாரும் அதைச் சொல்வதில்லை.

இப்போது அந்த 'மறுநாள்' விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி நான் என் மனைவியிடம் அந்த வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவ்வளவு லேசாக நான் தூங்கியதே இல்லை. காலையில் அவள் காபி டம்ளரை நீட்டிச் சிரித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று எனக்கே புரியவில்லை. டிகாக்ஷன் சரியில்லை என்று ஏதோ சொல்லி, ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இப்போது யோசித்தால் புரிகிறது. அவள் கையில் என்னுடைய ஏதோ ஒன்று போய்விட்டது, இனி அவள் பஸ்ஸில் வராமல் போனால் நான் மறுபடி மரத்தடியில் நிற்க வேண்டும். அந்தப் பயம் எனக்குப் பயமாகத் தெரியவில்லை. எரிச்சலாகத்தான் தெரிந்தது. எரிச்சலுக்குக் காரணம் தேடினேன், காபி கிடைத்தது.

இதை ஊடல் என்று நினைத்துவிடாதீர்கள். ஊடுகிறவர் வந்து சமாதானம் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பார். என்னை மாதிரி ஆளைச் சமாதானம் செய்ய வந்தால் மூச்சு முட்டும். என் மனைவி பின்னாலேயே வந்து, "என்னங்க, நான் என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்கக் கேட்க நான் இன்னும் தள்ளிப் போனேன். அவள் பாவம், ராத்திரியெல்லாம் தன் பேச்சிலேயே தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளுக்குச் செய்ததிலேயே பெரிய கொடுமை அதுதான்.

எங்களுக்கு உதவியது ரொம்பச் சின்ன ஏற்பாடு. விலகத் தோன்றினால் சொல்லாமல் விலகக் கூடாது, திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும், எட்டு மணிக்கு வந்து பேசறேன்." எட்டு மணிக்குப் போய்விட வேண்டும். முதல் சில மாதம் வாயில் வரவே வரவில்லை. அவள் பங்குக்கு, அந்த எட்டு மணிவரை பின்னால் வராமல் இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பின்னால்தான் சொன்னாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விலகுகிற எல்லோரும் உள்ளே தவிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்காது. சிலர் பேசாமல் இருப்பதைத் தண்டனையாகவே வைத்துக்கொள்வார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? "நீங்க இப்படிப் பண்றது எனக்கு வலிக்குது" என்று ஒரு நாள் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். என்னை மாதிரி ஆள் அன்றைக்கே மாற மாட்டார், ஆனால் அந்த வார்த்தை அவரைத் தூங்க விடாது. ஏதாவது ஒரு வழியில், கோணல்மாணலாகவேனும், திரும்பி வரப் பார்ப்பார். வருடக்கணக்கில் அந்த முயற்சியே தெரியவில்லை என்றால், காத்திருந்து உங்களைக் கரைத்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். முன்பெல்லாம் காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன், அவள் கஞ்சி கொண்டுவந்தால் "அங்க வச்சிட்டுப் போ" என்பேன். இந்தத் தடவையும் அதே வார்த்தைதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. "கொஞ்ச நேரம் உட்காரேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் இருந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். நான் தூங்கி எழுந்தபோதும் அங்கேயேதான் இருந்தாள்.