நிறை கூடவில்லை என்று சத்துமா டின் வாங்க வேண்டுமா?

கேள்வி: மகனுக்கு ஒன்றரை வயது. இரண்டு மாதமாக நிறை கூடவில்லை. கல்லடியில் ஓர் அறை வாடகை வீடு. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் அம்மாதான் பார்க்கிறார். சோற்றைத் துப்புகிறான், பிஸ்கட்டும் பிளேன்டீயும் என்றால் மறுப்பதில்லை. விலை கூடிய சத்துமா டின் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். கடன்பட்டாவது வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதலில் நிறுத்த வேண்டியது அந்தத் தேத்தண்ணியைத்தான். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தேயிலை தடுக்கிறது. சீனியும் பிஸ்கட்டும் பசியை அடக்கிவிடுகின்றன. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு இருக்கிற பசியும் மந்தமாகும். அம்மாவைக் கோபிக்காதீர்கள். அழுகிற பிள்ளையை அமர்த்தக் கையில் கிடைத்ததைத்தான் கொடுத்திருக்கிறார். வேலைக்குப் போகுமுன் ஒரு முட்டையையோ வற்றாளங்கிழங்கையோ அவித்து வையுங்கள், வாழைப்பழமும் இருக்கட்டும்.

சோறு கொடுக்கிற விதத்தையும் மாற்றுங்கள். சொதியில் கரைத்த சோற்றில் தண்ணீர்தான் கூட. சின்ன வயிறு நிரம்பும், சத்துச் சேராது. கரண்டியிலிருந்து வழியாத அளவுக்குத் தடிப்பாகக் குழையுங்கள். பருப்பு, முள் நீக்கிய மீன், நறுக்கிய முருங்கை இலை, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேருங்கள். நெத்தலிக் கருவாடு என்றால் உப்புப் போக ஊறவைத்து, நன்றாக அவித்து இடித்துப் போடலாம். இந்த வயதில் நாளுக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு தடவை சிற்றுணவும் வேண்டும். இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம். வேலையால் வந்ததும் கொடுங்கள். போனைக் காட்டி ஊட்ட வேண்டாம்.

கிளினிக் கொப்பியோடு இந்தக் கிழமையே மிட்வைஃபிடம் போங்கள். கொப்பியிலுள்ள நிறைக் கோடு இரண்டு மாதம் மேலே ஏறாவிட்டால் டொக்டர் பார்க்கத்தான் வேண்டும். வயிற்றுப் பூச்சிக்கான மருந்து, விற்றமின் ஏ பற்றியும் கேளுங்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற சத்துமாவான திரிபோஷா இலவசம். நாளுக்கு 50 கிராம் என்பது கணக்கு; வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளைக்குரியது பிள்ளைக்குக் கிடைக்காது. இதை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

வயிற்றோட்டத்தில் இரத்தம் கண்டாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, கால் வீங்கினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.