குழலின் இரண்டு முனையும் சரியான அளவைச் சொல்லாது

கேள்வி: ஐயா, பன்றி கலைக்க அப்பப்பா வைத்திருந்த ஒற்றைக்குழல் றைபிள், இப்போது அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரத்தோடு வீட்டில் இருக்கிறது. பத்திரத்தில் குழல் அளவு 12 என்று இருக்கிறது. குழல் வாயில் அடிமட்டம் வைத்தால் 17 மில்லிமீற்றர் போலத் தெரிகிறது. உள்ளே வரி இல்லை, வழவழப்பாக இருக்கிறது. சித்தப்பா இது 16 என்கிறார். வீட்டிலேயே அளக்கலாமா? - வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, உள்ளே சுருள் வரி இல்லையென்றால் அது றைபிள் இல்லை, சிறு ஈயக்குண்டுகளைச் சிதறிச் சுடும் சன்னத் துவக்கு. நல்லதாய்ப் போயிற்று, அளப்பது சுலபம். .303 றைபிள் என்றால் உள்ளே பெரும்பாலும் ஐந்து வரிப்பள்ளம் இருக்கும். ஐந்து ஒற்றை எண், அதனால் எந்தப் பள்ளத்துக்கும் நேர் எதிரே இன்னொரு பள்ளம் வராது. வேணியர் இடுக்கிமானிக்கு அங்கே பிடிமானமே கிடைக்காது.

12 என்பது மில்லிமீற்றரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம்தான் அந்தக் குழலின் அளவு: 18.5 மில்லிமீற்றர். பதினாறாக வார்த்தால் 16.8. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

உங்களைக் குழப்பியது குழல் வாய். சன்னம் சிதறாமல் போக, பல துவக்குகளில் வாயை ஒரு மில்லிமீற்றர் வரை ஒடுக்கியிருப்பார்கள். பின்பக்கமும் உதவாது, தோட்டா இருக்கும் அறை அகலமாகக் குடைந்தது. நடுக்குழலைத்தான் அளக்க வேண்டும்.

முதலில் துவக்கை மடித்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு நன்றாகக் காய்ந்த பாலை மரத்துண்டு ஒன்றைச் சரியாக 18 மில்லிமீற்றர் விட்டத்துக்கு அரத்தாள் போட்டுத் தேய்த்தெடுங்கள். நீளம் ஒரு பெருவிரல் போதும். இழுத்தெடுக்க ஒரு கம்பி பூட்டி, எண்ணெய் தடவிப் பின்பக்கமாக விடுங்கள். அறையைத் தாண்டி வாய் அருகே வரை தடையின்றிப் போனால் 12. அறை முடியும் இடத்திலேயே நின்றுவிட்டால் சித்தப்பா சொன்னது சரி. சுத்தியலால் மட்டும் அடிக்காதீர்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கிளிநொச்சியில் நான் கடைசல் பட்டறை வைத்திருந்த காலத்தில், ஒருவர் வெடித்துப் பிளந்த 12 குழலோடு வந்தார். இடக்கையில் இரண்டு விரல் இல்லை. இருட்டில் 20 தோட்டா ஒன்றைப் போட்டிருக்கிறார். அது அறைக்குள் நிற்காமல் வழுக்கிப்போய்க் குழலுக்குள் இறுகிவிட்டது. வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 தோட்டாவைப் போட்டு விசையை இழுத்திருக்கிறார். இப்போது 20 தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்த ஆபத்துக்காகத்தான்.

அளவு 16 என்று வந்தால் வீட்டில் இருக்கும் 12 தோட்டாக்களை அந்தத் துவக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பத்திரத்தையும் துவக்கையும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) காட்டி எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். குழலுக்குள் துருப்பள்ளம் தெரிந்தால், எந்த அளவானாலும் வெடி வைக்கவே வேண்டாம்.