கடல்நீர்த் தொட்டியில் நத்தைகளை எப்படி விடுவது?

புதிதாக வாங்கிய, பாசி தின்னும் டர்போ நத்தைகள் இரண்டே நாளில் சாவதற்குப் பெரும்பாலும் உப்பளவு திடீரென்று மாறுவதுதான் காரணம். மீனைப்போல் பையைச் சற்றுநேரம் மிதக்கவிட்டுத் திறந்துவிடாதீர்கள். பைத்தண்ணீரோடு வாளியில் வைத்து, காற்று பம்புக்கான மெல்லிய குழாயில் வேகம் குறைய முடிச்சிட்டு, தொட்டி நீரை நொடிக்கு 2–3 சொட்டாக இறக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வாளி நீரின் அடர்த்தி எண் (உப்பளவைக் காட்டுவது) தொட்டியின் 1.025-ஐ எட்டியதும் நத்தையை மட்டும் எடுத்து, பாதம் பாறையில் படும்படி வையுங்கள். அஸ்ட்ரேயா (Astraea) வகை நத்தை மணலில் கவிழ்ந்தால் பெரும்பாலும் தானே நிமிராது, அப்படியே செத்துப்போகும். டிரோக்கஸ் வகை நிமிர்ந்துகொள்ளும், என் ஓட்டு அதற்கே. செம்பு கலந்த மீன் மருந்து ஊற்றிய தொட்டியா? நத்தையே வேண்டாம், நத்தையைக் கொல்லும் செம்பு பாறையிலும் மணலிலும் ஊறி நிற்கும். பாசி பிடிக்காத புதுத் தொட்டியில் பட்டினிதான்.