பத்தாயிரத்தில் நாலே நாலு

கேள்வி: என் சித்தப்பா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். "காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். அதுவும் பயிருக்குச் சாப்பாடு. இதுவா பூமியைச் சூடாக்கும்? விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஆரம்பித்துவிடுகிறார். என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சித்தப்பாவின் கணக்கு சரிதான். பத்தாயிரம் மூலக்கூறு காற்றில் கார்பன் டை ஆக்சைடு நாலுதான். பயிருக்குச் சாப்பாடு என்பதும் சரி. பசுமைக்குடில்களில் விளைச்சலுக்காகவே அதைக் கூடுதலாகச் செலுத்துபவர்கள் உண்டு. இதை மறுத்துப் பேச்சைத் தொடங்கினால் தோற்றுப்போவீர்கள்.

அவர் பாடத்திலிருந்தே ஒன்று கேளுங்கள்: மீதி 9,996 என்ன செய்கின்றன? ஈரத்தை விட்டுவிட்டால் அநேகமாக எல்லாமே நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான். தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை, இவை தடுப்பதே இல்லை. அதைப் பிடிப்பது அந்த நாலுதான். 1859இல் லண்டனில் ஜான் டிண்டால் குழாயில் வாயுக்களை அடைத்து அளந்து காட்டியது இதைத்தான். (அதற்கு மூன்று வருடம் முன்பே அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடி உருளைகளை வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு நிரப்பியதுதான் அதிகம் சூடேறுகிறது என்று கண்டார். நூறு வருடத்துக்கு மேல் அவரை யாரும் நினைக்கவில்லை.)

சண்டை நடந்ததும் உண்மை. 1896இல் ஸ்வீடனின் அர்ரேனியஸ், இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டார். அதே நாட்டு க்னூட் ஆங்ஸ்ட்ரோம், "இருக்கிற வாயுவே பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்டது, இன்னும் சேர்த்தால் என்ன ஆகப்போகிறது?" என்ற பொருளில் மறுத்தார். சித்தப்பாவுடையதைவிடக் கெட்டிக்கார ஆட்சேபம். அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. 1950களில் கில்பர்ட் பிளாஸ் போன்றவர்கள் வளிமண்டலத்தை அடுக்கடுக்காகக் கணக்கிட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது. வெப்பம் கடைசியாக விண்வெளிக்குத் தப்புவது உயரத்தில், காற்று மெலிந்த இடத்திலிருந்து. வாயு கூடக்கூட அந்த இடம் இன்னும் மேலே போகிறது. மேலே குளிர் அதிகம். குளிர்ந்த காற்று குறைவாகத்தான் வெப்பத்தை வெளியே விடும். மிச்சம் கீழே தங்குகிறது.

ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் கீலிங் இந்த வாயுவை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் மூலக்கூறு காற்றுக்குச் சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 'சூரியன்தான் காரணம்' என்பாரானால், மேலடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியரும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்திருக்கிறது.

இன்னும் தீராத விஷயமும் உண்டு. இரட்டிப்பானால் எத்தனை டிகிரி? ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021இல் சொன்னது, பெரும்பாலும் 2.5 முதல் 4 வரை. மேகங்கள்தான் பெரிய தலைவலி. யார் எவ்வளவு குறைப்பது, யார் செலவு செய்வது என்பது அரசியல்; அதில் சித்தப்பாவின் கட்சி எதுவானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தியில் வைத்து மட்டும் வேண்டாம். காலமெல்லாம் கரும்பலகை முன் நின்றவரை நாலு பேர் எதிரில் திருத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? சாப்பாடெல்லாம் முடியட்டும். காபி கொடுத்துவிட்டு, அந்த 9,996 கேள்வியை மட்டும் கேளுங்கள். பதிலை அவரே சொல்லட்டும்.