நாக்கின் வெண்மை நோய்க்குறி அன்று

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய தம்பிக்கு,

பத்து நாட்களுக்கு முன் ஒரு பெண்ணுடன் முத்தமிட்டதும், ஆணுறை அணிந்து ஒருமுறை உறவுகொண்டதும் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்றும், எச்ஐவி தொற்றியிருக்குமோ என்ற அச்சத்தில் அன்றிலிருந்து உறக்கமின்றி, கண்ணாடி முன் நாக்கை நீட்டி வெண்படலத்தைத் தேடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எச்சிலால் எச்ஐவி பரவாது. கிழியாமலும் நழுவாமலும் இருந்த ஆணுறை அக்கிருமியைத் தடுத்திருக்கும். எனவே 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய 28 நாள் தடுப்பு மருந்தைத் தவறவிட்டோமே என்று வருந்தாதீர்கள். உங்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. நாக்கின் மெல்லிய வெண்மை ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. உறக்கமின்மையும் வறண்ட வாயும் அதைக் கூட்டிக் காட்டும்.

ஆனால் மேகப்புண்ணும் (சிபிலிஸ்) பிறப்புறுப்பு அக்கியும் (ஹெர்பிஸ்) ஆணுறை மூடாத தோல் வழியாகவும் தொற்றக்கூடும் என்பதால், பிறப்புறுப்பில் வலியில்லாத புண் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எச்ஐவிக்கு ஆய்வகத்தில் செய்யும், கிருமியின் கூறையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை இரத்தப் பரிசோதனை, உறவுக்குப் பின் 45 நாட்களிலும், விரல்நுனியில் குத்திப் பார்க்கும் பரிசோதனை 90 நாட்களிலும் உறுதியான முடிவு தரும். இன்றே செய்தால் வரும் முடிவை நீங்களே நம்பமாட்டீர்கள், தம்பி. அதனால்தான் பொறுக்கச் சொல்கிறேன். டர்பனின் அரசு கிளினிக்குகளில் எச்ஐவிப் பரிசோதனை இலவசம். தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று கூசினால் வேறு பகுதி கிளினிக்குக்குச் செல்லுங்கள்.